ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மத்தியானச் சாப்பாடு

நாங்கள் டென்மார்க்கில் இருக்கிறோம். எங்கள் கல்யாணத்தின் 25 ஆவது வருடத்துக்குப் பிள்ளைகள் காசு சேர்த்து, கோப்பன்ஹேகன் நோமாவில் ஒரு மேசை பிடித்துத் தந்தார்கள். 2003 இல் தொடங்கி, உலகின் சிறந்த உணவகம் என்ற பட்டத்தை 5 தடவை வாங்கி, 2021 இல் மூன்றாவது மிஷெலின் நட்சத்திரமும் பெற்ற இடம். குளிருக்குக் கடலுணவு, கோடைக்கு மரக்கறி, இலையுதிர் காலத்துக்குக் காடும் வேட்டையும் என்று பருவம் பார்த்துத்தான் அப்போது சமைத்துவந்தார்கள். நாங்கள் போனது இலையுதிர் காலம். சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருந்தன. தட்டை வைத்தவர் குனிந்து, இந்தக் காளான் எங்கே பொறுக்கியது, எப்படிப் பக்குவப்படுத்தியது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். சாப்பிட்டதில் பாதி மறந்துபோச்சு. அவர்கள் சொன்ன விதம் மறக்கவில்லை.

போன ஆனியில் இலங்கையின் வடக்கே வன்னிக்குப் போனபோது, அதே மாதிரி பருவத்துச் சாப்பாட்டை அதன் கதையோடு சாப்பிடும் ஆசையோடுதான் போனேன். முதல் நாள் தங்கிய விடுதியில் "ஊர்ச் சாப்பாடு ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். பிறைட் றைசும் பொரித்த கோழியும் வந்தன. பாலைப்பழம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் றோட்டில விக்கிறது அண்ணை" என்றார் பரிமாறிய தம்பி. மரம் நிறையப் பழுத்து நிற்கிற மாதத்தில் அந்தப் பதிலைக் கேட்டது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

மச்சாள்தான் வழி சொன்னா. ஒட்டுசுட்டான் பக்கம் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டு முற்றத்தில் கொட்டில் போட்டு, சொன்னால் சமைத்துத் தருகிறார்கள். முதல் நாளே போன் பண்ண வேண்டும். "நாளைக்கெண்டா விரால் எடுக்கலாம். இண்டைக்கு வந்தா இருக்கிறதைத்தான் தருவம்" என்றா மூத்த அக்கா. சரி, நாளைக்கே வருகிறோம் என்றோம்.

குரக்கன் பிட்டு, விரால் குழம்பு, குறிஞ்சா இலை வறை, தாமரைக்கிழங்குக் கறி. சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்து குளம் இறங்கும் காலம் அது. வற்றிய ஓரச் சேற்றில் தாமரைக்கிழங்கு தோண்டலாம், விராலும் லேசில் பிடிபடும். இதை நான் கேட்டுக் கேட்டுத்தான் அறிந்தேன். அக்கா கிழங்கை வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வட்டத் துண்டு முழுக்கக் கண்கண்ணாக ஓட்டை. கத்தியை எடுக்கும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே சிலந்தி நூல் மாதிரி ஒரு மெல்லிய இழை இழுபட்டு, விரல்நீளம் போய்த்தான் அறுந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த பிறகும் அது பல்லில் நறுக்கென்று கடிபட்டது. விரால் குழம்பில் பழப்புளி தூக்கலாக இருந்தது, எனக்கு அது பிடித்தது.

கடைசியில் எருமைத்தயிரும் காட்டுத்தேனும். அப்புறம் ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பாலைப்பழம். நாலு பழத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டது. கோப்பன்ஹேகனில் பிறந்த என் மகள் வாயைத் திறக்க முடியாமல் சிரிக்க, அக்கா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தானே தொட்டுப் பூசிவிட்டா.

நாலு பேருக்கு 4,800 ரூபா. காசாகத்தான் கொடுக்க வேண்டும், காட் எடுக்க மாட்டார்கள். கழிப்பறை வீட்டோடுதான், ஆனால் நல்ல சுத்தம். மேலதிகமாகக் கொடுத்ததை வாங்கவே மறுத்துவிட்டார்கள். விலை குறைவு என்று நேரே சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். இன்றைய மீன் எந்தக் குளம், தேன் எந்தக் காடு, கிழங்கு யார் தோண்டியது என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கோ, அல்லது வைக்கும்போது வாயால் சொல்லுங்கோ. நோமாவில் அந்தப் பெரிய விலைக்குள் அந்தக் கதையும் அடங்கியிருந்தது. இங்கே கதை முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. "இதில சொல்ல என்ன இருக்கு தம்பி, எங்கட சாப்பாடுதானே" என்றா அக்கா. இருக்கிறது அக்கா, நிறைய இருக்கிறது.

நேரம் உள்ளவர்கள் கிளிநொச்சி அம்மாச்சி உணவகத்திலும் இறங்குங்கள். பெண்கள் கண்முன்னே சுட்டுத் தரும் தோசையும் வடையும் சூடாகக் கிடைக்கும்.

வெளிக்கிடும்போது முசுட்டை இலை வறை இல்லையா என்று மனைவி கேட்டா. "மழை விழோணும் பிள்ளை. மார்கழியில வேலியெல்லாம் தழைச்சு நிக்கும், அப்ப வாங்கோ." அடுத்த பயணத்தை மார்கழிக்கு மாற்றிவிட்டோம்.