உறை பிரித்த பாலிமர் களிமண்ணை வாங்காதீர்கள்

பாலிமர் களிமண்ணில், அதாவது ஓவன் அடுப்பில் சுட்டு இறுக்கும் பிளாஸ்டிக் களிமண்ணில், கேன் உருட்டுகிறவர்கள் யாராவது, ‘உறை பிரித்தது, பாதி விலை’ என்று விற்பவருக்குப் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அதில் 2,400 ரூபாயும் இரண்டு இரவுத் தூக்கமும் போயின.

கேன் என்றதும் தண்ணீர்க் கேனை நினைக்க வேண்டாம். பல நிறக் களிமண்ணை நீளவாக்கில் அடுக்கிச் செய்யும் தடி அது. வெண்டைக்காயை எங்கே நறுக்கினாலும் அதே நட்சத்திரம் தெரிகிறதல்லவா, அதுபோல இந்தத் தடியை எங்கே வெட்டினாலும் உள்ளே வைத்த பூ தெரியும். அழுத்தி இழுத்து மெலிதாக்கினால் பூவும் சேர்ந்து சிறுக்கும். 6 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடியை 2 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவந்தால் நீளம் 45 ஆகிவிடும். 4 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, கோணலாகிப்போன இரு முனைகளைக் கழித்தாலும் எண்பது வில்லை தேறும்.

எனக்கு வேண்டியதும் எண்பதுதான். தெரிந்த அக்கா ஒருவரின் மகளுக்கு வளைகாப்பு. தாம்பூலப் பையில் போட, பின்னால் காந்தம் ஒட்டிய தாமரை வில்லைகள் கேட்டிருந்தார். இணையத்தில் ஒருவர் ஜெர்மன் களிமண் என்று விற்றுக்கொண்டிருந்தார். பாதி விலை என்றதும் என் புத்தியும் பாதியாகிவிட்டது.

வந்தது எட்டு நிறங்களில் ஒரு கிலோ, வெறும் பாலித்தீன் உறைகளில். பெயர் இல்லை, தயாரித்த மாதம் இல்லை, எடைகூட அச்சிடப்படவில்லை. வெள்ளை, வெண்ணெய்போல் குழைந்தது. இளஞ்சிவப்போ புட்டு மாவாக உதிர்ந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மென்மையாக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு மணி நேரம் பிசைந்து, எப்படியோ தாமரையை அடுக்கிவிட்டேன். தடி பருமனாக இருந்தவரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. இழுக்கத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. இளகிய வெள்ளை இரு முனைகளுக்கும் ஓடிவிட்டது. இறுகிய இதழ்கள் நடுவிலேயே நின்றுவிட்டன. முனையில் வெட்டினால் வெறும் வெள்ளை, நடுவில் வெட்டினால் வெடித்த இதழ். ஒன்றிரண்டை 110 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டுப் பார்த்தேன். நன்றாக வெந்த மெல்லிய வில்லை வளைந்து கொடுக்கும். இது அப்பளம்போல் ஒடிந்தது.

இந்தக் களிமண் காற்றில் உலர்வதில்லை. பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் தூளை, குழைவு தரும் நெகிழ்வூட்டியோடு சேர்த்துக் குழைத்தது அது; சூடுதான் அதை இறுக்கும். வெப்பமான கிடங்கில் நெடுநாள் கிடந்தால் அடுப்புக்குப் போகும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வெந்துவிடும். பாதி வெந்ததை எவ்வளவு பிசைந்தாலும் பழைய குழைவு வராது. தனி மணி செய்ய ஒருவேளை உதவலாம். எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டிய கேனுக்கு உதவவே உதவாது.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் எனக்குப் பிசையத் தெரியவில்லை என்றார். பிறகு என் அடுப்பு சரியில்லை என்றார். அடுப்புக்குள் தனியாக வைத்திருக்கும் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே, பார்சல் பிரித்த காணொளி எங்கே என்றார். காய்கறி வாங்கினால்கூடவா நான் காணொளி எடுக்கிறேன்? நீங்கள் பிரித்த பழைய உறையின் படத்தையாவது அனுப்புங்கள் என்று நான் கேட்டதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உறையைப் பிரித்தால் இவை அனைத்தும் சேர்ந்தே காணாமல் போகின்றன.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்; இன்னும் பதில் வரவில்லை. கடைசியில் கடைக்குப் போய், உறை பிரிக்காத 57 கிராம் கட்டிகளை முழு விலைக்கு வாங்கி, ஒரே இரவில் எண்பதையும் முடித்தேன். அக்காவுக்கு இந்தக் கதை தெரியாது.

அதே விற்பனையாளர் நேற்று ‘நவராத்திரிச் சலுகை’ என்று புதிய படம் போட்டிருக்கிறார். அதே எட்டு நிறங்கள், அதே பாலித்தீன் உறைகள். விலை மட்டும் நூறு ரூபாய் குறைந்திருக்கிறது.