அரசு மருத்துவமனை வலி நிவாரணப் பிரிவு: அப்பாவுக்கு மார்ஃபின் கொடுத்த அனுபவம்

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் வலி, மல்லாந்து படுக்க முடியாது, தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்து உட்கார்ந்தே இரவைக் கழிப்பார். டிரமடால் என்ற வலி மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை. முன்பு பார்த்த தனியார் மருத்துவமனையில், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றாலே "அதெல்லாம் கடைசியில பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள், இன்னும் ஆறவில்லை எனக்கு.

இங்கே, அரசு மருத்துவமனையில், மார்ஃபின் மாத்திரை இலவசம். ஆனால் நான் பாராட்டுவது அதைக் கொடுக்கும் முறையை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு வேளை கொடுத்துவிட்டு நோட்டில் நேரத்தைக் குறிக்கச் சொன்னார்கள், அடுத்த முறை அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டினார்.

முதல் சீட்டிலேயே மலமிளக்கியும் இருந்தது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது, "மார்ஃபின் இருக்கிறவரைக்கும் இதை விட்டுடாதீங்கம்மா" என்றார் நர்ஸ். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வரணும், குடல் அடைப்பாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

அடிமையாகிவிடுவாரோ என்று அத்தை பயந்தார். வலிக்காக, கண்காணிப்பில் கொடுக்கும்போது அது அபூர்வம், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் அவரையே உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

விழுங்க முடியாமல் போனபோது, தோலில் ஒட்டும் ஃபென்டானில் என்ற வலி மருந்து பேட்ச்சுக்கு மாற்றினார்கள். 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டியதும் வேலை செய்யாது, பாதி நாளாவது ஆகும், அதுவரை மார்ஃபினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போய் மூச்சு மந்தமாகிவிடும். வயிற்று வலிக்கு ஒத்தடம் கொடுத்தே பழகிய நம் வீடுகளில் இதை எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

குறை என்றால், பேட்ச் அங்கே இருப்பு இல்லை, வெளியே வாங்கினோம், விலை அதிகம். வரிசையும் நீளம், மருந்து கவுன்டரில் உட்கார நாற்காலிகூடக் கிடையாது. நோயாளியை ஒவ்வொரு முறையும் அழைத்துப் போக வேண்டியதில்லை, சீட்டும் வலி நோட்டும் மீதி மாத்திரையும் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒருவர் போனால் எங்களுக்குக் கொடுத்தார்கள்.