முதல் குறும்படத்துக்கு டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன் போதுமா?

தானே டைரக்ட் பண்ணி தானே எடிட்டும் பண்ற பசங்களுக்காக இத எழுதுறேன். எடிட்டருக்கு குடுக்க காசு இல்லாமதான் பாதிப் பேர் இந்த வழிக்கு வர்றாங்க, ஆனா தன் ஷாட்ட தானே வெட்டும்போதுதான் எந்த ரியாக்‌ஷன் எடுக்காம விட்டோம், எங்க அவசரப்பட்டு கட் சொன்னோம்னு உறைக்கும், அடுத்த ஷூட்ல தானா சரியாகும். நாளைய இயக்குநர் டிவி ஷோல இருந்து வந்த, பிரேமம் எடுத்த அல்போன்ஸ் புத்திரன் தன் படங்கள தானே எடிட் பண்றவர்தான்.

இதுக்கு கண்ண மூடிட்டு நான் சொல்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்துல படத்துக்கு கலர் சரி பண்ற பெரிய ஸ்டுடியோல மட்டும் இருந்த சிஸ்டம், 2009ல பிளாக்மேஜிக் டிசைன்னு ஒரு ஆஸ்திரேலிய கம்பெனி வாங்குச்சு, இப்ப அதே பேர்ல ஃப்ரீயாவே டவுன்லோட் பண்ணிக்கலாம். ட்ரயல் இல்ல, மாச வாடகை இல்ல, சாதாரணமா எக்ஸ்போர்ட் பண்ணா வாட்டர்மார்க்கும் வராது. எடிட், கலர், விஎஃப்எக்ஸ், சவுண்ட் எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல. 3840க்கு 2160 சைஸ், செகண்டுக்கு 60 ஃப்ரேம் வரைக்கும் அவுட்புட் எடுக்கலாம், ஃபெஸ்டிவலுக்கு அனுப்புற குறும்படத்துக்கு அது தாராளம். க்ராக் பண்ண சாஃப்ட்வேர தேடி அலையாதீங்க ப்ளீஸ், வைரஸோட சேத்து புட்டேஜும் போயிரும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது வசனக் காட்சி வெட்டுறதுதான். ரெண்டு பேர் பேசுறாங்க, ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அவர் மூஞ்சிய காட்டிட்டு அப்புறம் அடுத்தவர் மூஞ்சிக்குப் போனா பிங்பாங் மாதிரி இருக்கும். ஆல்ட் கீய அமுக்கிட்டு அடுத்தவர் ஆடியோ ஆரம்பிக்கிற ஓரத்த மட்டும் புடிச்சு இடது பக்கமா இழுங்க, படம் மாறுறதுக்கு முன்னாடியே அடுத்தவர் குரல் வந்துரும். இதான் ஜே கட். அரை செகண்ட் இழுத்தாலே சீன் மூச்சு விட ஆரம்பிக்கும்.

தனி ரெக்கார்டர்ல எடுத்த சவுண்ட வேவ்ஃபார்ம், அதாவது சவுண்ட் அலையோட வடிவத்த வச்சு ரிசால்வே படத்தோட சிங்க் பண்ணிடும், அதுக்காக கிளாப் அடிக்காம விட்றாதீங்க. போன்ல ஷூட் பண்ணவங்க மட்டும் கவனம், போன் ஃபைல்ல ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும், போகப் போக உதடும் சவுண்டும் விலகும், முதல்ல ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு கான்ஸ்டன்ட், அதாவது மாறாத ஃப்ரேம் ரேட்டா மாத்திக்கங்க.

குறைன்னா, மெஷின் நல்லா இருக்கணும், 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாம 4கே புட்டேஜ நேரா போட்டா திணறும், ப்ராக்ஸி, அதாவது புட்டேஜோட சின்ன சைஸ் காப்பி போட்டு வேலை பாக்கணும். சில கேமராவோட 10 பிட் ஃபைல (கலர் விவரம் அதிகமா இருக்கிற ஃபைல்) விண்டோஸ் ஃப்ரீ வெர்ஷன் எடுக்காது, ஷூட்டுக்கு முன்னாடியே ஒரு டெஸ்ட் க்ளிப் போட்டுப் பாத்துடுங்க. இருட்டுல எடுத்த படத்துல வர்ற புள்ளிகள குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் ஸ்டுடியோங்கிற காசு வெர்ஷன்ல மட்டும்தான், ராத்திரி சீன் நிறைய இருந்தா அது இல்லாதது வலிக்கும். ஸ்டுடியோ வெர்ஷனோட விலை 295 டாலர், ஒரே தடவை கட்டுறது, ஆனா முதல் படத்துக்கே வாங்க வேணாம், அந்தக் காச நல்ல மைக்குக்கும் ரெண்டு ஹார்டு டிஸ்க்குக்கும் போடுங்க. படம் கொஞ்சம் இருட்டா இருந்தா ஆடியன்ஸ் பொறுத்துக்குவாங்க, வசனம் கேக்கலன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க.

இன்னொன்னு, ப்ராஜெக்ட் தனி ஃபைலா ஃபோல்டர்ல உக்காராது, ரிசால்வோட டேட்டாபேஸ்க்குள்ள இருக்கும். டெய்லி வேலை முடிஞ்சதும் ப்ராஜெக்ட்ட எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டாவது டிஸ்க்ல போட்டுட்டுத் தூங்குங்க.