பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்களே, பெயின்ட் வேலைக்கு விடும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ ஜீப் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த மாடல். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளில் ஒன்று. பிறகு நீலகிரியில் தேயிலை எஸ்டேட்டில் ஓடியது. சேசிஸ் துரு பிடித்ததால் வெல்டிங்குக்காக ஒரு பட்டறையில் விட்டேன். பானெட்டையும் மட்கார்டையும் தொடக் கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதி, ஓனரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

காரணம், எஸ்டேட்காரர்கள் அடித்த பச்சை பெயின்டுக்கு அடியில் அந்த வண்டியின் சரித்திரமே இருந்தது. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்துகளின் விளிம்பு மேடாகத் தெரியும். பானெட்டின் பக்கத்தில் ‘எம்’ என்ற எழுத்தும் அதன் பின்னால் சில இலக்கங்களும் தெரிந்தன. பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் எம் என்றால் கார் வகை, ஜீப்பும் அதில்தான் வரும். எல் என்றால் லாரி. அமெரிக்காவில் செய்த வண்டி என்பதால், அதற்கும் அடியில் 20 என்று தொடங்கும் அமெரிக்க ராணுவ எண் இருந்திருக்கலாம். ஆரம்பத்தில் அதை மங்கிய நீலத்தில் எழுதினார்கள், பின்னால்தான் வெள்ளை. மட்கார்டில் ஏதோ சின்னத்தின் தடம் இருந்தது. பர்மாவில் போரிட்ட 17-ஆவது இந்திய டிவிஷனுக்குக் கருப்புப் பூனை, 5-ஆவதுக்குச் சிவப்பு வட்டம், 7-ஆவதுக்குத் தங்க அம்பு, 19-ஆவதுக்குக் குத்துவாள். எங்கள் வண்டி எதில் ஓடியது என்பதற்கு அந்தத் தடம் ஒன்றுதான் சாட்சி. நைஸ் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் படமெடுக்கலாம் என்று இருந்தேன்.

வண்டியை எடுக்கப் போனால் பளபளவென்று நிற்கிறது. மொத்த பாடியையும் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, இரும்பு வரைக்கும் உரித்து, புது பெயின்ட் அடித்துவிட்டார்கள். பம்பரில் அமெரிக்காவின் 101-ஆவது ஏர்போர்ன் டிவிஷன் குறி! அந்த டிவிஷன் 1944-இல் நார்மண்டியில் குதித்தது; அந்தப் போரில் ஆசியாப் பக்கமே வரவில்லை. பானெட்டில் ஒரு வெள்ளை எண். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். “நெட்ல பார்த்து எழுதினது சார், ஒரிஜினல் மிலிட்டரி நம்பர்” என்றார் ஓனர். அதற்குத் தனி பில் வேறு. ஜாப் கார்டைக் காட்டியதும், “பையன் கவனிக்கல” என்று முடித்துக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம், அந்த பெயின்டை யாரால் திருப்பித் தர முடியும்?

அதனால் சொல்கிறேன், எழுத்தில் கொடுத்தால் போதும் என்று நம்பாதீர்கள். பானெட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வண்டியை அனுப்புங்கள். கழற்ற முடியாத பாகங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து முதலிலேயே படமெடுங்கள். கிளவ் பாக்ஸ் மூடியில் இருக்கும் டேட்டா பிளேட்டுகளையும் (வண்டியின் விவரம் பொறித்த தகடுகள்) கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் டெலிவரி தேதி இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. இப்படிப் புதிதாக எழுதிய எண்ணைக் காட்டி, “செகண்ட் வேர்ல்டு வார் வண்டி” என்று விலையை ஏற்றுகிறார்கள். முன் கிரில்லில் துளைகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்புக்கு 9, போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. மாடலுக்கு 7. பின்னால் திறக்கும் கதவு இருந்தால் அதுவும் சி.ஜே.தான்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டறை இப்போதும் பழைய ஜீப்புகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கோவைப் பக்கம் யாராவது வேலைக்கு விடுவதாக இருந்தால், அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.