பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்குகிறீர்களா? வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் ஆடுவதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்

கோவைப் பக்கம் பழைய ஃபிலிம் கேமரா தேடுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை.

நான் வாங்கியது கேனனெட் ஜி-III கியூஎல்17. தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை. விலை 11,000 ரூபாய். "மீட்டர் பக்காங்க தம்பி, நீங்களே பாருங்க" என்று கடைக்காரர் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். முள் நகர்ந்தது, கையால் மறைத்தால் திரும்பியது. புது பேட்டரியும் அவரே போட்டுத் தந்தார்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு எடுத்துப்போனேன். உச்சி வெயிலில் வெள்ளைப் பசு, வேப்பமர நிழலில் காரிக் காளை, பின்னால் பளீரென்று வானம். வெள்ளை மாடு ஃபிரேமை நிறைத்தால் எந்த மீட்டரும் ஏமாந்து, ஃபிலிமில் விழும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதனால் வெயில் விழும் செம்மண் தரையைக் காட்டி, அந்த அளவு மாறாமல் இருக்கப் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தபடி மாட்டுக்குத் திருப்பி எடுத்தேன்.

நெகட்டிவ் வந்தபோது வயிறு எரிந்தது. காளையின் திமில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் பதியாமல் வெறும் பிளாஸ்டிக். கடையில் காட்டினால், "எதிர்வெளிச்சத்துல எடுத்தா இப்படித்தானுங்க, லைட்டிங் பழகுங்க" என்கிறார். சூரியனை முதுகுக்கு வைத்து எடுத்த வெறும் சுவரும் அதே போல வெளிறித்தான் இருந்தது. தயாரிக்கும்போதே பதிந்து வரும் ஃபிலிம் ஓரத்து எண்களோ நல்ல கறுப்பு. அப்படியென்றால் கழுவியதில் கோளாறு இல்லை, வெளிச்சம்தான் போதவில்லை.

இந்தக் கேமரா 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. அது இப்போது விற்பனையில் இல்லை. கடைக்காரர் போட்டது 1.5 வோல்ட் ஆல்கலைன். வோல்ட் கூடினால், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாக முள் காட்டும், அதன்படி லென்ஸ் துளை தானாகச் சுருங்கிவிடும். ஆல்கலைன் தீரத்தீர வோல்ட்டும் இறங்கும் என்பதால் ஒரே கணக்கில் கழித்துக்கொள்ளவும் முடியாது. சரி என்று காதுகேள் கருவிக்கான 675 ஸிங்க்-ஏர் பேட்டரி போட்டுப் பார்த்தேன். அது 1.4 வோல்ட் தரும். வெயிலில் சரியாகக் காட்டியது. நிழலில் 5.6 காட்ட வேண்டிய இடத்தில் 11! (இவை லென்ஸ் துளையின் எண்கள், எண் கூடினால் துளை சிறுசு.) கேமராவில் வெளிச்சத்தை உணரும் செல்லே களைத்துவிட்டது. "வித்தது வித்ததுதானுங்க" என்று கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.

வாங்கப் போகும்போது 675 பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேமராவை வீதிக்கு எடுத்து வாருங்கள். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேகம்) 400, ஷட்டர் 500 (நொடியில் 500-ல் ஒரு பங்கு), நல்ல வெயில் என்றால் முள் 16-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கட்டட நிழலில் ஒரு சுவர், கடைக்குள் ஒரு சுவர் என்று மேலும் இரண்டு இடங்களில், செல்போன் மீட்டர் செயலியோடு ஒப்பிடுங்கள். டியூப்லைட் சோதனை செல்லவே செல்லாது. வெளியே எடுத்துப்போக விடாத கடையில் வாங்காதீர்கள்.

மீட்டர் சரியில்லை என்று தெரிந்தும் கேமரா பிடித்திருந்தால், மீட்டர் இல்லாத கேமராவின் விலைக்குக் கேளுங்கள். ஷட்டர் பேட்டரி இல்லாமலே ஓடும். மீட்டர் வேலை செய்கிறது என்று சொல்லி விற்றால், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.