மூக்கு கழுவும் பாட்டில்: எல்லாம் சரி, அந்த ஒழுகல்தான்!

பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் நண்பன் ஒருவன், "நீ ரொம்ப நாளா அந்த மூக்கு கழுவுற பாட்டில் வச்சிருக்கியே, நானும் வாங்கலாமாடா?" என்று கேட்டான். அவனுக்கும் என்னைப் போலவே தூசி அலர்ஜி. சாக்பீஸைத் தொட்டாலே தும்மல். வாட்ஸ்அப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

240 மி.லி. பாட்டில், உப்புப் பொட்டலம், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துவாரத்தில் அழுத்தினால் மறு துவாரத்தில் வரும். இதெல்லாம் தெரிந்ததுதான். நேராக எரிச்சலுக்கு வருகிறேன்.

காலையில் கழுவி, சிந்தி, துடைத்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டும். சரியாக மூடாத குழாய் மாதிரி ஒழுகும். சளி என்றால் உறிஞ்சிக்கொள்ளலாம், இதற்கு அந்த அவகாசமே கிடையாது. ஒருமுறை வங்கியில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது படிவத்தின் மேலேயே விழுந்தது. கவுன்டரில் இருந்த அம்மா எதுவும் பேசாமல் வேறு படிவம் நீட்டினார். கொரோனா அடங்கிய புதிது வேறு.

ஏன் இப்படி என்று இ.என்.டி. டாக்டரிடம் கேட்டேன். கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கு வாசல் அடியில் இல்லையாம், மேல்பக்கத்தில் இருக்கிறதாம். உள்ளே போன தண்ணீர் நாம் நிமிர்ந்திருக்கும்வரை அங்கேயே கிடக்கும், குனிந்தால் வழியும். சளி அங்கே தேங்குவதற்கும் இந்த அமைப்பு ஒரு காரணம். உள்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள்தான் சளியை மேலே தள்ளி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அலர்ஜியில் வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால் என்ன தள்ளி என்ன பயன்? கழுவியதும் தலையைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் திருப்பி வைத்திருக்கச் சொன்னார். செய்கிறேன். ஒழுகல் குறைகிறது, நிற்கவில்லை. அதற்காக ஓங்கிச் சிந்தவும் கூடாது, காது அடைத்துக்கொள்ளும்.

ஆனால் பாட்டிலைக் குறை மட்டும் சொல்லிவிட முடியாது. காலைத் தும்மல் வரிசை போயே விட்டது. ரசம் தாளிக்கும் வாசனை மறுபடி தெரிகிறது. மூக்கின் அலர்ஜி வீக்கத்தைக் குறைக்க டாக்டர் கொடுத்த புளூட்டிகசோன் ஸ்ப்ரேயும், கழுவிக் கொஞ்ச நேரம் கழித்து அடித்தால், சளியில் படாமல் சவ்வில் படுகிறது. அந்த ஸ்ப்ரே முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். நம்மவர்கள் இரண்டே நாளில் தூக்கிப்போட்டுவிட்டு, உடனே மூக்கைத் திறந்துவிடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துக்குப் போய்விடுகிறார்கள். அதை நாள் கணக்கில்லாமல் விட்டால், மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். தைலம் விஷயமும் பாதி மயக்கம்தான். மென்தால் குளிர்ச்சியில் மூக்கு திறந்த மாதிரி தோன்றும், அடைப்பு அப்படியே இருக்கும்.

தண்ணீரில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது. வந்தால் பிழைப்பது மிக அரிது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். அபூர்வம்தான், ஆனாலும் அடுப்பைப் பற்றவைக்க என்ன சோம்பல்?

இன்னொன்று, தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் துவைக்காமல் மூக்கை மட்டும் கழுவிப் பிரயோஜனமில்லை. இந்த அலர்ஜியைக் கிளப்பும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி அங்கேதான் குடியிருக்கிறது. உப்புப் பொட்டலம் விற்கும் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

என் தீர்ப்பு: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தும்மலை நிறுத்திய பொருளுக்கு இது அநியாயம் என்று தெரியும். நேற்றுகூட மேனேஜர் மேசையில் குனிந்து ஃபைலைக் காட்டும்போது ஒழுகியது, அந்தக் கடுப்பில் போட்ட மார்க் இது. நீயோ நாள் முழுக்க நோட்டின் மேல் குனிந்து திருத்துகிறவன். இப்போதைக்கு டாக்டரைப் பார்த்து ஸ்ப்ரேயை ஒழுங்காக அடி. பாட்டிலை மே மாத லீவில் வாங்கிக்கொள்ளலாம்.