வீட்டில் சாக்ஸபோன் ரெக்கார்டிங்: எஸ்எம்57-உம் ஒரு ரஜாயும்

ஷூர் எஸ்எம்57 என்னும் டைனமிக் வகை மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ், ஓர் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்கான மூன்று முனை கேபிள்), காதை மூடும் ஹெட்ஃபோன், அடி கனமான ஸ்டாண்ட். ஆல்டோவோ டெனரோ, வீட்டுப் பதிவுக்கு இவ்வளவு போதும். நெடுநாள் புழங்கிய பிறகும் இதையேதான் சொல்வோம்.

மெல்லிய சத்தத்தையும் நுட்பமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக் வாங்கத்தான் பலருக்கும் கை போகும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் அது ஃபேன் சத்தத்தையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்தே பிடித்துவரும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் படபடவென்று இரைச்சலும் கிளம்பும். சிலிகா ஜெல் போட்ட டப்பாவில்தான் வைக்க வேண்டும். எஸ்எம்57-க்கு இந்தத் தொல்லை இல்லை. சாக்ஸபோன் தானே உரத்த வாத்தியம் என்பதால் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) பெரிதாக ஏற்றவும் வேண்டாம். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் அணைந்தே இருக்கட்டும்.

பலரும் கோட்டை விடுவது மைக்கை வைக்கும் இடத்தில்தான். சத்தம் பெல் எனப்படும் அகன்ற வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. எல்லாத் துளைகளும் மூடியிருக்கும் அடி ஸ்வரத்துக்குத்தான் பெல் ஒன்றே வழி. மைக்கை பெல்லுக்குள் நீட்டினால் அடி ஸ்வரங்கள் அலறும், நடு ஸ்தாயி மெலியும், துளைகளை மூடும் பேட் அடிபடும் சத்தமும் கூடவே வரும். பெல் விளிம்புக்குச் சற்று மேலே, 40 முதல் 50 செ.மீ. தள்ளி, வலக்கை விரல்களை நோக்கி வையுங்கள். பிறகு ஒரே மூச்சழுத்தத்தில் கீழிருந்து மேல்வரை மெதுவாக வாசித்து, ஒலி அளவைக் காட்டும் மீட்டரைக் கவனியுங்கள். அடி ஸ்வரங்கள் மட்டும் துள்ளினால் மைக்கை இன்னும் உயர்த்துங்கள்.

தூரம் ஏன் முக்கியம்? வாசிக்கும்போது உடம்பு அசையாமல் இருக்காது. 20 செ.மீ.யிலிருந்து 10-க்கு வந்தால் ஒலி சுமார் 6 டெசிபல் ஏறிவிடும்; 50-லிருந்து 40-க்கு வந்தால் 2 டெசிபல்கூட ஏறாது.

தூரம் கூடும்போது அறையின் எதிரொலியும் உள்ளே வரும். அதற்குத்தான் ரஜாய் என்னும் தடித்த பஞ்சுப் போர்வை. மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவதுதான் வழக்கம். ஆனால் எஸ்எம்57 போன்ற கார்டியாய்டு மைக் பார்ப்பது முன்பக்கத்தை. அதனால் முதல் ரஜாய் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். அறையில் ஸ்டீல் பீரோ இருந்தால் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி வாசித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றுக்குக் கதவு கிணுகிணுக்கும். கதவிடுக்கில் மடித்த துணியைச் செருகினால் அடங்கிவிடும்.

மென்பொருளில் பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என இருக்கட்டும். இருப்பதிலேயே உரத்த இடத்தை வாசித்து, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். பதிவு ஓடும்போது உற்சாகத்தில் இன்னும் மூன்று, நான்கு டெசிபல் ஏறும். அந்த இடைவெளி அதற்குத்தான். உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டவைக்க முடியாது.

கத்ரி கோபால்நாத் காட்டிய வழியில் ஆல்டோவில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்கள் போனில் பதிவதைத் தவிர்ப்பது நல்லது. போனின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு மெல்லியதை உயர்த்தி உரத்ததை அமுக்குவதால், கமகத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். தம்புரா ஹெட்ஃபோனில் மட்டும் ஒலிக்கட்டும். சொந்த நாதத்தைக் கேட்க ஒரு காதைத் திறந்து வைப்பவர்கள் தம்புராவை மற்றக் காதின் பக்கம் முழுதாகத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் திறந்த பக்கத்திலிருந்து கசிந்து மைக்கில் ஏறும். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், தாமதத்தில் தாளம் போய்விடும்.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். ஆல்டோவின் அடி ஸ்வரம் சுமார் 139 ஹெர்ட்ஸ், டெனரில் சுமார் 104. ஆகவே ஆல்டோவுக்கு 100, டெனருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் ஃபேன் உறுமலில் பெரும்பகுதி ஒழியும். ரிவர்பை (செயற்கை எதிரொலியை) கொஞ்சமாகக் கடைசியில் சேர்க்கலாம்.

லேப்டாப்பில் சார்ஜர் செருகியதும் 'உம்ம்' என்று இரைந்தால் அதைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். நாளடைவில் முதலில் போவது ஹெட்ஃபோனின் காதுறை, வியர்வையில் உரியும். அடுத்தது எக்ஸ்எல்ஆர் பிளக்குக்குள் சால்டரிங்: விட்டுவிட்டுக் கரகரத்தால் மைக்கைச் சந்தேகிக்கும் முன், மீட்டரைப் பார்த்தபடி பிளக்கை ஆட்டிப் பாருங்கள்.